தானாக வரும் மூச்சு

மூச்சைத் தள்ளி முடித்து நவநீதன் வயிற்றைத் தளர்த்திய பிறகும் சுடர் நிமிரவில்லை.

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கூடத்தில் அந்த அகல் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. மார்கழிப் பனிக்குப் பயந்து ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, கதவுக்கு அடியில் கோணிச்சாக்கை மடித்துத் திணித்திருந்தார். மின்விசிறி ஓடி வெகுநாளாகிறது. எரியும் திரியின் வாசனையும், வாடிப்போன சாமந்தியின் வாசனையும், சாவு எடுத்த பிறகு கழுவிக் கழுவி விட்ட சிமெண்டுத் தரையின் ஈர வாசனையும் அந்த அடைத்த கூடத்துக்குள் அப்படியே தேங்கி நின்றன. காற்று வர வழியே இல்லை. ஆனாலும் சுடர் எதிர்ப்பக்கமாக, அவருடைய மனைவி வழக்கமாக உட்காரும் பாய் கிடந்த பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றது. யாரோ அங்கே உட்கார்ந்து நிதானமாக ஒரு மூச்சு இழுக்கிற நேரம் வரைக்கும் நின்றது. பிறகு மெல்ல நிமிர்ந்தது.

அவர் மறுபடியும் வயிற்றைச் சுண்டி உள்ளே இழுத்தார். மூக்கு வழியாகக் காற்று சீறிப் பாய்ந்தது. சுடர் சாய்ந்தது, அது சரிதான், ஊதினால் சாயத்தான் செய்யும். அவர் நிறுத்தினார். சுடர் இன்னும் கொஞ்சம் நீண்டு, இன்னும் கொஞ்சம் சாய்ந்து, பாயின் பக்கம் நாக்கை நீட்டியது. பிறகு நிமிர்ந்தது.

நவநீதன் எழுந்து போய்க் கதவடியில் இருந்த சாக்கைக் காலால் அழுத்திவிட்டு வந்தார். அது அழுத்தமாகத்தான் இருந்தது.

அவருக்குப் பயம் என்று பெரிதாக ஒன்றும் பழக்கமில்லை. இருபது வயதிலிருந்து போர்வெல் லாரியில் கம்ப்ரசர் ஓட்டியவர். மழை ஏமாற்றிய தர்மபுரி மண்ணில் எத்தனையோ காடுகளில், நடுராத்திரியில், பாறையைக் குடைந்து பாதாளத்துக்குக் குழாய் இறக்கி, காற்றை அழுத்தி அடித்து, வெள்ளைப் புழுதியையும் அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீரையும் மேலே கொண்டுவந்தவர். அடித்தால்தான் வரும் என்பது அவருடைய ஒரே கொள்கை. தண்ணீர் விஷயத்தில் மட்டுமல்ல, எல்லா விஷயத்திலும். அந்தப் பாறைத்தூள் நெஞ்சில் படிந்து இருமல் பிடித்தபோது டாக்டர் மாத்திரையோடு மூச்சுப் பயிற்சியும் செய்யச் சொன்னார். கடத்தூர் சமுதாயக் கூடத்தில் காலையில் நடந்த யோகா வகுப்புக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது மனைவி தீர்த்தம்மாள்தான். துணைக்குப் போனவள் தானும் ஒரு பாயை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, கபாலபாதி. வயிற்றைச் சுண்டிச் சுண்டி மூச்சை வெளியே விரட்டுகிற பயிற்சி. அவர் ஆரம்பித்தால் கூடமே அதிரும். மற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் கம்ப்ரசர். "தள்றது மட்டும்தாங்க உங்க வேலை. உள்ள இழுக்கணும்னு மெனக்கெடாதீங்க, அது தானா வரும்" என்று டீச்சர் நிர்மலா சொல்லிக்கொடுத்தாள். தீர்த்தம்மாளுக்கு அந்த ஆர்ப்பாட்டம் ஆகவில்லை. அவள் எடுத்துக்கொண்டது நாடி சுத்தி. ஒரு மூக்கை மூடி மறு மூக்கால் இழுத்து, இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்கி, சத்தமே இல்லாமல் செய்வது. எவ்வளவு மெதுவாக விடுகிறார்கள் என்று பார்க்க டீச்சர் ஆளுக்கொரு துணுக்கு இலவம்பஞ்சு கொடுத்திருந்தாள். மூக்குக்கு நேரே பிடித்தால் பஞ்சு அசையக் கூடாது. நவநீதனின் பஞ்சு முதல் மூச்சிலேயே பறந்துபோய்ப் பக்கத்து வரிசை முருகன் தலையில் உட்கார்ந்தது. தீர்த்தம்மாளின் பஞ்சு மட்டும் அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். விடிகாலையில் கூடத்தில் எதிரெதிராகப் பாய் போட்டு உட்காருவார்கள். நடுவில் ஒரு விளக்கு. முடித்ததும் பஞ்சை அவரிடம் நீட்டித் தன் மூக்குக்கு நேரே பிடிக்கச் சொல்லுவாள். அவர் பிடிப்பார். அது அசையாது.

"பாத்தீங்களாங்க? அசையல" என்பாள், பரிசு வாங்கிய பிள்ளை முகத்தோடு.

"மூச்சு வுடறியா இல்ல சும்மா ஏமாத்தறியா?" என்று அவர் கேட்பார். தினமும் அதே கேள்வி, தினமும் அதே சிரிப்பு.

ஊர்ப் பாறைத்தூளை எல்லாம் தின்றவர் குத்துக்கல்லாட்டம் இருக்க, வியாதி அவளுக்கு வந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வருகிறது, முடிந்தவரை நிம்மதியாக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது என்ன நியாயம் என்று அவர் யாரைக் கேட்பது? படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு பேசினால் வாங்கியது, பிறகு சும்மா இருந்தாலே வாங்கியது. ஒரு தடவை, தாங்கமாட்டாமல், "நல்லா அடிச்சுத் தள்ளு தீர்த்தம், அப்பத்தான் சளி கிளி எல்லாம் வரும்" என்று அவளைத் தன் பயிற்சியைச் செய்ய வைத்தார். ரெண்டே தடவை தள்ளினாள். இருமலில் முகம் கறுத்துப்போயிற்று. அது அடங்கியதும் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "எனக்கு என்னுதே போதுங்க" என்றாள்.

அவள் செத்தது அவருடைய கண்ணெதிரே. அதுதான் அவரால் இன்றுவரை பொறுக்க முடியாதது. அன்றைக்குச் சாயங்காலம் கூடத்தில் படுக்கையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். மூச்சு இரைப்பு அடங்கி முகம் தெளிந்திருந்தது. கண்ணை மூடியிருந்தாள். நாடி சுத்தி செய்கிறாள் என்று நினைத்தார். விளையாட்டாகத் தலைமாட்டில் கிடந்த பஞ்சை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தார். அசையவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பழையபடி செய்கிறாள், தேறிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி, வெளியே இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். கை சில்லிட்டபோதுதான் தெரிந்தது. எந்த மூச்சு கடைசி மூச்சு என்று அவருக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருந்தும் தெரியாது. அடக்கத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் சென்னப்பன் அதே இலவம்பஞ்சில் கொஞ்சம் கிள்ளித் திரித்து அவள் மூக்கில் வைத்தபோது, நவநீதன் பெரிய மனிதன் என்பதையெல்லாம் மறந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

அவள் தலை வைத்திருந்த இடத்தில் ஒரு தட்டில் ராகியைப் பரப்பி, அதன்மேல் அகல் விளக்கை ஏற்றி, பக்கத்தில் சொம்புத் தண்ணீர் வைத்தார்கள். காரியம் வரைக்கும் அது அணையாமல் எரிய வேண்டும். காரியத்தன்று விடியலில் அதை ஏரிக்குக் கொண்டுபோய்ப் பூவால் குளிர வைத்துத் தண்ணீரில் விட வேண்டும். "எண்ணெய் மட்டும் பாத்துக்கங்க மாப்ள. வாயால ஊதிடப்படாது, காத்துல அணைஞ்சிடப்படாது. அவ போற வழிக்கு அதான் வெளிச்சம்" என்று சென்னப்பன் சொல்லிவிட்டுத்தான் தன் ஊருக்குப் போனார்.

மறுநாள் விடிகாலை நவநீதனுக்குத் தூக்கம் வரவில்லை. உடம்பு பழக்கத்தில் எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தது. எதிரே அவளுடைய பாயையும் விரித்துக்கொண்டார். நடுவில் விளக்கு இருந்தது, எப்போதும் போல. எப்போதும் போல அவர் மூச்சைத் தள்ளினார். துக்கமும் ஆத்திரமும் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து வந்த முதல் தள்ளு.

விளக்கு அணைந்துவிட்டது.

இருட்டில் திரியின் புகை நெடி மட்டும் மூக்கில் ஏறியது. அவர் தடுமாறிக்கொண்டு தீப்பெட்டியைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, விளக்குத்தான் எரிகிறதே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் சுடர் இப்படிச் சாய ஆரம்பித்தது.

அடுத்து வந்த காலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு செய்தார். தள்ளினார், நிறுத்தினார். தள்ளினார், நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில், அவருடைய மூச்சு தானாக உள்ளே வருகிற அந்தச் சின்ன இடைவெளியில், எதிர்ப்பாயிலிருந்து இன்னொரு மூச்சு கேட்டது. பட்டுத்துணியை விரலால் தடவுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு மெல்லிசு. கூடத்தில் வேறு எந்தச் சத்தம் இருந்தாலும் கேட்டிருக்காது.

அவருக்கு அந்த மூச்சைத் தெரியும். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

பயந்தாரா என்றால், பயந்தார். கைமயிர் குத்திட்டு நின்றது. ஆனால் எழுந்து ஓடவில்லை. தெரியாமல் விட்ட அந்தக் கடைசி மூச்சு அவர் எதிரில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தப் புருஷன் எழுந்து ஓடுவான்? கன்னத்தில் தண்ணீர் வழிய, அவர் இன்னும் வேகமாகத் தள்ளினார். தள்ளத் தள்ள அது பலமாகக் கேட்டது.

மகள் வெண்மதி கூடத்தை ஒட்டிய அறையில்தான் படுத்திருந்தாள். ஓசூரில் கம்பெனி வேலை. அம்மாவின் காரியம் வரைக்கும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. பனிக்காலம் வந்தால் மூச்சில் விசில் சத்தம் கேட்கும். அந்த விசிலைக் கேட்டுத்தான் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று அவரும் தீர்த்தம்மாளும் கண்டுபிடிப்பார்கள். பெரியவளானதும் அது வெகுவாகக் குறைந்திருந்தது.

இப்போது காலையில் அவள் காப்பி டம்ளரோடு வெளியே வரும்போது உதடு வெளுத்திருந்தது.

"அப்பா, நீங்க பண்றத கொஞ்சம் மெதுவா பண்ணக்கூடாதா?" என்றாள்.

"சத்தம் தொந்தரவா இருக்குதா கண்ணு?"

"சத்தம் இல்லப்பா. நீங்க ஆரம்பிச்சா எனக்கு நெஞ்ச யாரோ உறிஞ்சற மாதிரி இருக்குது. நீங்க தள்ளத் தள்ள எனக்கு உள்ள வரவே மாட்டேங்குது." அவள் இன்ஹேலரை எடுத்து அடித்துக்கொண்டாள். "பனிதான், வேற என்ன. அம்மா இருந்தா கஷாயம் வெச்சிருக்கும்."

"பனிதாம்மா" என்றார் அவர். காப்பியை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

காரியத்துக்குச் சொந்தக்காரர்களை நேரில் போய்க் கூப்பிட வேண்டும். பென்னாகரத்தில் தீர்த்தம்மாளின் சித்தப்பாவைப் பார்க்கப் போனவர் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே தங்கும்படி ஆயிற்று. மறுநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது வெண்மதி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் கோலம் ஆகாது என்று அவரே கடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அவ்வளவு தெளிவு.

"ராத்திரி நல்லா தூங்கினேம்பா. விசிலே இல்ல" என்றாள் அவள்.

அன்றைக்குப் பகல் முழுக்க நவநீதன் வேலை செய்கிற பாவனையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். தள்றது மட்டும்தாங்க உங்க வேலை, அது தானா வரும். தானாக வருகிறது என்றால் எங்கிருந்து வருகிறது? அடைத்த வீடு. அவர் மூச்சை அவர் தள்ளுகிறார். எதிரே இருப்பவள் வாங்கிக்கொள்கிறாள். அவளுக்குப் போதாதது? மீதியை அவள் எங்கிருந்து எடுக்கிறாள்?

தீர்த்தம் அப்படிச் செய்கிறவள் அல்ல. பெற்ற பிள்ளை. அவர் மனம் ஆயிரம் தடவை அதைச் சொல்லிப் பார்த்தது. ஆனால் தண்ணீரில் முங்கினவனுக்குத் தன் பிள்ளையின் தோள் என்றா தெரியும்? கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பான்.

நிறுத்திவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். சில நாள் நிறுத்தியும் இருந்தார். விளக்குக்கு எண்ணெய் விடும்போதுகூட அந்தப் பக்கம் பார்க்காமல் விட்டார். சுடர் நேராக எரிந்தது. வெண்மதி நன்றாகத் தூங்கினாள். காரியத்துக்கு முந்தின நாள் சென்னப்பன் வந்து சேர்ந்தார். தெருக்கோடியில் பங்காளி மாதையன் வீட்டில் தங்கிக்கொண்டு, பந்தலும் சமையலும் ஏற்பாடு செய்தார்.

"நாளைக்கு விடிஞ்சதும் வந்துடறேன் மாப்ள. விளக்க எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போயிடலாம். அதோட அவளுக்கு நம்ம வூட்டுப் பந்தம் அத்துடும்" என்றார்.

அந்தச் சொல்தான் நவநீதனை ஆட்டிவிட்டது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கூடத்தில் தனியாக இருந்தார். உள்ளே சமையல்கட்டில் வெண்மதி ராகி மாவு கிளறுகிற சத்தம் கேட்டது. நாளைக்கு இந்த விளக்கு இருக்காது. இந்த மூச்சும் இருக்காது. இரண்டாம் தடவையும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாள். ஒரே ஒரு தடவை. ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடலாம். பாவி மனுஷன் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

நான்கைந்து தள்ளுக்குள்ளேயே அது வந்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்தது போல வந்தது. மெல்லிசாக இல்லை. காற்றை மிடறு மிடறாகக் குடிக்கிற சத்தம். சுடர் படுத்தேவிட்டது. அவருடைய வயிறு அவர் பேச்சைக் கேட்காமல் தானாகச் சுண்டிக்கொண்டிருந்தது. போதும் தீர்த்தம், போதும், என்று நினைத்தார். வாய் திறக்க முடியவில்லை.

சமையல்கட்டில் களித்துடுப்பு கீழே விழுந்தது.

வெண்மதி சுவரோரம் சரிந்து கிடந்தாள். உதடு நீலம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாதையனின் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்து, வெகுநேரம் கழித்து மூச்சைத் திருப்பினார்கள். அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவின் காரியத்துக்கு நான் இல்லாமலா என்று வெண்மதி அழுதாள். அழுதால் மறுபடி இழுத்துக்கொள்ளும் என்று பயந்து வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். அவளைத் தலையணை அடுக்கிச் சாய்த்துப் படுக்க வைத்தார் நவநீதன். அவள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னைக்கும் பண்ணீங்களா?"

"இனிமே பண்ண மாட்டேன் கண்ணு. சத்தியமா."

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் அவர் விடியற்காலையில் எழுந்தார்.

விசில் மூச்சு அறைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரே சீராக, களைத்துப்போய். கூடத்தில் சுடர் அவர் உட்காராமலே எதிர்ப்பாயின் பக்கம் சாய்ந்திருந்தது. இப்போது அவர் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. அது தானாக எடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு பூவை எடுத்துச் சுடரின்மேல் வைத்தால் ஆயிற்று. சாமந்தி அங்கேயே கிடந்தது. ஆனால் சட்டென்று அணைத்தால், பாதி வழியில் இருக்கிற மகளின் மூச்சும் அதோடு அறுந்துவிட்டால்? அவருக்குத் தைரியம் வரவில்லை. தீர்த்தம்மாள் இத்தனை வருஷம் சொன்ன ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மெதுவாக. இறுக்கிப் பிடித்திருந்த கயிற்றை அவிழ்க்கிற மாதிரி.

அவர் உட்கார்ந்தார். வலது மூக்கைக் கட்டைவிரலால் மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சத்தமில்லாமல் மூச்சு விட்டார்.

இந்தப் பக்கம் விட்டார். அந்தப் பக்கம் வாங்கினார். எதிர்மூச்சு தடுமாறியது, திக்கியது, பிறகு அவருடைய மூச்சோடு ஒட்டிக்கொண்டு அதே அளவில் வந்தது. அவர் இன்னும் மெதுவாக்கினார். அதுவும் மெதுவாயிற்று. போய்ட்டு வா தீர்த்தம், என்று மனதுக்குள் சொன்னார். எம்மேல கோவிச்சுக்காத. புள்ள பொழைக்கட்டும். நீ போய்ட்டு வா. கண்ணீர் உதட்டில் உப்புக் கரித்தது. துடைத்தால் மூச்சு கலையும் என்று துடைக்கவில்லை.

சுடர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

எதிர்மூச்சு மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நூலாயிற்று. இந்தத் தடவை விடக்கூடாது, எது கடைசி என்று கேட்டுவிட வேண்டும் என்று காதைக் கூராக்கிக்கொண்டார்.

அது நிற்கவில்லை.

நகர்ந்தது.

பாயிலிருந்து எழுந்தது. அவருடைய இடது காது ஓரமாக, தோளை ஒட்டி, சில்லென்று போயிற்று. அறைக்கதவின் பக்கம்.

பிறகு நிசப்தம்.

சுடர் நேராக நின்றது. நிசப்தத்தில் என்ன குறைகிறது என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விசில் இல்லை.

நல்லதுதான். மூச்சு சீராகிவிட்டது. தூங்குகிறாள். அதனால்தான் கேட்கவில்லை. அவர் அதையே சொல்லிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார்.

வெண்மதி படுத்திருக்கவில்லை. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. கண் மூடியிருந்தது. கூடத்து வெளிச்சம் கதவு வழியாக அவள் முகத்தில் பாதி விழுந்தது. நீலம் இல்லை. இரைப்பு இல்லை. அவ்வளவு தெளிந்த முகம்.

"வெண்மதி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

தலைமாட்டு அலமாரியில் இலவம்பஞ்சு கிடந்தது. அம்மாவின் ஞாபகமாக மகள் எடுத்து வைத்திருந்த துணுக்கு. அவர் அதை எடுத்தார். கை நடுங்கியதால் பஞ்சும் நடுங்கியது. இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் மூக்குக்கு நேரே காட்டினார்.

காத்திருந்தார்.

அசையவில்லை.

இன்னும் காத்திருந்தார். கடவுளே. ஒரு இழை. ஒரே ஒரு இழை அசையட்டும்.

அவள் கண்ணைத் திறந்தாள். சிரித்தாள். பரிசு வாங்கிய பிள்ளையின் சிரிப்பு.

"பாத்தீங்களாங்க?" என்றாள். "அசையல."

வெளியே செருப்புச் சத்தம். கதவைத் தட்டும் சத்தம். "மாப்ள, எழுந்தாச்சா? நேரமாவுது. விளக்க எடுத்துக்கிட்டு வாங்க, ஏரிக்குப் போலாம்" என்று சென்னப்பனின் குரல் கேட்டது.

நவநீதனால் திரும்ப முடியவில்லை. மகளின் கை அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தது. அது தட்டுகிற விதம் அவருக்குத் தெரியும். கை சில்லிட்டிருந்தது.

"எங்கண்ணங்கிட்ட விளக்க குடுத்துடாதீங்க" என்றாள் அவள், மெதுவாக, வீட்டு விஷயம் சொல்லுகிறவளாட்டம். "அந்த விளக்கு இப்ப புள்ளையோடதுங்க."

அப்போது கூடத்திலிருந்து அது கேட்டது. சின்ன விசில். உள்ளே வர மாட்டேன் என்கிற மூச்சை இழுத்து இழுத்து, குழந்தையாக இருந்தபோது ராத்திரி முழுக்க அவர் தோளில் கிடந்து இழுத்த அதே விசில். அவர் ஓடினார். தட்டில் ராகியின்மேல் விளக்கு இருந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் சுடர் துடித்து நீண்டு, ஒவ்வொரு விசிலுக்கும் முன்னைவிடக் குறுகிக்கொண்டே வந்தது. அகலில் எண்ணெய் நிறைய இருந்தது.

"மாப்ள! கதவத் தொறங்க!"

நவநீதன் பாயில் விழுந்து உட்கார்ந்தார். அடிவயிற்றைச் சுண்டி உள்ளே இழுத்து, மூச்சைத் தள்ளினார். சுடர் சாய்ந்தது. நிறுத்தினார். அது சாய்ந்தபடியே நின்று, இன்னும் கொஞ்சம் நீண்டது. விசில் சற்றே தணிந்தது. அவர் மறுபடியும் தள்ளினார், மறுபடியும், மறுபடியும், கதவு இடிபட்டுக்கொண்டிருந்தது, அறை வாசலில் மகளின் நைட்டியில் யாரோ ஒருத்தி வந்து நின்று, சத்தமே இல்லாமல், அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.